"என் கையே என் கை இல்லாத மாதிரி": டிசோசியேஷன் கேள்வி பதில்

டிசோசியேஷன் என்றால் மனம் தன் உடம்பிலிருந்தோ சுற்றி நடப்பதிலிருந்தோ விலகி நிற்கிற நிலை. அதைப் பற்றித் தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கமிருந்து வந்த கேள்விகள் இவை. மனநல ஆலோசகராக எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஓசூரிலிருந்து: அக்கா, நைட் ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸில் வரும்போது எல்லாம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடக்கிற மாதிரி இருக்கிறது. பைத்தியம் பிடிக்கிறதா?

இல்லை தம்பி. "மாதிரி" என்று எழுதினீர்களே, அதுதான் முக்கியம். இது வெறும் உணர்வு என்பது உங்களுக்கே தெரிகிறது. தூக்கம் கெட்டாலும், பதற்றம் முற்றினாலும், கஞ்சாவாலும் இப்படி வரும். முதலில் பகல் தூக்கத்தைச் சரிசெய்யுங்கள். "இன்னும் இருக்கிறதா" என்று சோதித்துக்கொண்டே இருக்காதீர்கள். சோதிக்கச் சோதிக்க அதிகமாகும்.

பாலக்கோட்டிலிருந்து: தொப்பூர் கணவாயில் விபத்தில் தப்பியவர் என் கணவர். லாரி ஹார்ன் கேட்டால் உறைந்துபோகிறார். கூப்பிட்டாலும் கேட்பதில்லை.

ஓடவும் முடியாது, எதிர்க்கவும் முடியாது என்ற நேரத்தில் மனம் விலகி நின்றுகொள்ளும். அன்று அது அவரைத் தாங்கியது. இன்று ஹார்ன் கேட்டதும் உடம்பு அந்த நாளுக்கே போய்விடுகிறது.

உலுக்காதீர்கள் அம்மா, முகத்தில் தண்ணீர் அடிக்காதீர்கள். கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து, "நாம நம்ம வீட்டுல இருக்கோம், இன்னைக்குச் செவ்வாய்க்கிழமை, நான் பக்கத்துல இருக்கேன்" என்று மெதுவாகச் சொல்லுங்கள். பாதத்தைத் தரையில் அழுத்தட்டும். கண்ணை மூடி மூச்சைக் கவனிப்பது சிலருக்கு விலகலைக் கூட்டிவிடும். கண் திறந்தே இருக்கட்டும். என்னிடம் வந்த ஒரு அம்மா முந்தானையில் புளி முடிந்து வைத்திருப்பார். நாக்கில் பட்டதும் திரும்பிவிடுவார். அப்புறம், வலிப்பு இல்லை என்பதை டாக்டரிடம் உறுதிசெய்துகொள்ளுங்கள். சில வலிப்புகளும் இப்படித்தான் தெரியும்.

அரூரிலிருந்து: மகளுக்குச் சாமி வருகிறது. அதுவும் இதுதானா?

திருவிழாவில் பம்பைச் சத்தத்துக்கு வந்து, இறங்கியதும் இயல்பாக இருந்தால் நோய் என்று சொல்லமாட்டேன். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடும் அப்படித்தான் பிரிக்கிறது. பள்ளியிலும் வீட்டிலும் அவள் விரும்பாமலே திரும்பத் திரும்ப வந்தால் காட்டுங்கள். அவளைப் பயமுறுத்துவது ஏதாவது இருக்கிறதா என்று தனியாக, பொறுமையாகக் கேளுங்கள். அடித்து விரட்டும் இடங்களுக்கு மட்டும் தயவுசெய்து கூட்டிப் போகாதீர்கள்.

கிருஷ்ணகிரியிலிருந்து: மாத்திரை உண்டா? எங்கே காட்டுவது?

இதற்கென்றே தனி மாத்திரை இல்லை. கூட இருக்கும் பதற்றத்துக்கோ மனச்சோர்வுக்கோ தருவார்கள். பேச்சு சிகிச்சைதான் முக்கியம். கிருஷ்ணகிரி, தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநல மருத்துவரைக் கேளுங்கள். ஓசூர்க்காரர்களுக்குப் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையும் பக்கம்தான். நடுராத்திரியில் தாங்க முடியாமல் போனால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416-ஐக் கூப்பிடுங்கள். கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.