பதினொரு வயது மகனுக்கு எந்த பேஸ்போல் மட்டை?

கேள்வி: எனது மகனுக்குப் பதினொரு வயது. உயரம் 4 அடி 7 அங்குலம், நிறை 34 கிலோ. இதுவரை எல்லேயும் மென்பந்துக் கிரிக்கெட்டும் விளையாடியவன், இந்தத் தவணையில் பாடசாலையின் பேஸ்போல் பயிற்சியில் சேர்ந்திருக்கிறான். கனடாவில் இருக்கும் எனது மைத்துனர் ஆவணியில் ஊருக்கு வரும்போது மட்டையொன்று வாங்கி வருவதாகச் சொல்லி, இரண்டு அலோய் மட்டைகளின் விபரத்தை அனுப்பியிருக்கிறார். ஒன்று 30 அங்குல நீளம், 20 அவுன்ஸ் நிறை. மற்றது 31 அங்குலம், 28 அவுன்ஸ். கழிவு விலையில் கிடைக்கிறது. இரண்டாவதை வாங்கினால் உயர்தரம் படிக்கும்வரை பாவிக்கலாம் என்பது அவருடைய கருத்து. எதை வாங்கச் சொல்வது? கொம்பொசிட் மட்டைதான் சிறந்தது என்றும் சிலர் சொல்கிறார்கள். – ஒரு தந்தை, களுவாஞ்சிகுடி.

பதில்: 30 அங்குல, 20 அவுன்ஸ் மட்டையையே வாங்கச் சொல்லுங்கள். வளரும் பிள்ளைக்குச் சப்பாத்தை ஓர் அளவு கூட்டி வாங்கும் வழக்கம் இந்த விடயத்தில் உதவாது. கைக்கு மிஞ்சிய மட்டையோடு இரண்டு வருடம் பழகும் பிள்ளை, அந்தப் பாரத்தைச் சமாளிப்பதற்காகத் தோளையும் இடுப்பையும் தவறான ஒழுங்கில் திருப்பப் பழகிக்கொள்வான். பிற்பாடு உடல் வளர்ந்து மட்டை பொருந்தி வரும்போதும் அந்தப் பழக்கம் எளிதில் விடாது.

பேஸ்போல் மட்டைகளில் நீளத்தையும் நிறையையும் தவிர ‘ட்ரொப்’ என்றோர் எண்ணையும் பொறித்திருப்பார்கள். அங்குலத்தில் உள்ள நீளத்திலிருந்து அவுன்ஸில் உள்ள நிறையைக் கழித்தால் வருவதே அந்த எண். முதலாவது மட்டையின் ட்ரொப் 10, இரண்டாவதன் ட்ரொப் 3. எண் கூடக்கூட அந்த நீளத்துக்கு மட்டை இலேசானது என்று பொருள். 20 அவுன்ஸ் என்பது சுமார் 567 கிராம், 28 அவுன்ஸ் சுமார் 794 கிராம். ஆகவே உங்கள் முன்னுள்ள இரண்டு மட்டைகளுக்கும் இடையே 227 கிராம் வித்தியாசம் இருக்கிறது. ஒரு பேஸ்போல் பந்தின் நிறையே 142 முதல் 149 கிராம் வரைதான் என்பதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். ட்ரொப் 3 என்பது அமெரிக்காவில் உயர்நிலைப் பாடசாலை மாணவர்களும் கல்லூரி மாணவர்களும் ஆடும் வகை. உங்கள் மைத்துனர் பார்த்த மட்டையில் ‘பிபிகோர் .50’ என்ற முத்திரை இருக்குமானால் அது அவர்களுக்கென்றே செய்யப்பட்டது என்பது உறுதியாகிவிடும்.

இந்த இடத்தில் நீங்கள் ஒரு நியாயமான மறுப்பை எழுப்பலாம். மகனின் வயதுக்குரிய கிரிக்கெட் துடுப்பே ஏறத்தாழ 900 கிராம் இருக்கிறது, அதைச் சுழற்றுகிறவனுக்கு 794 கிராம் எப்படிப் பாரமாகும் என்று கேட்கலாம். கிரிக்கெட்டில் துடுப்பு பெரும்பாலும் மேலிருந்து கீழாக வருகிறது. அதன் பாரம் வீச்சுக்கு ஓரளவு துணை செய்கிறது, பல அடிகளில் பந்தின் வேகத்தைத் திருப்பிவிட்டாலே போதும். பேஸ்போலில் மட்டை தோளுயரத்தில் தயாராக நின்று, நிலத்துக்குக் கிடையாகச் சுழல வேண்டும். வேகம் முழுவதையும் ஆடுபவனின் உடல்தான் கொடுக்க வேண்டும். அதற்குக் கிடைக்கும் நேரமும் மிகக் குறைவு. அமெரிக்காவின் லிட்டில் லீக் விதிப்படி, 12 வயதுவரையான பிள்ளைகளுக்குப் பந்து வீசும் இடத்துக்கும், அடிப்பவர் நிற்கும் இடமான ஹோம் பிளேட்டுக்கும் இடைப்பட்ட தூரம் 46 அடி, அதாவது சுமார் 14 மீற்றர். மணிக்கு 80 கிலோமீற்றர் வேகத்தில் வரும் பந்து அந்தத் தூரத்தைக் கடக்க அரை நொடிக்குச் சற்றுக் கூடுதலான நேரமே எடுக்கும். பந்தைப் பார்ப்பது, அடிப்பதா விடுவதா என்று முடிவெடுப்பது, மட்டையை நகர்த்துவது ஆகிய மூன்றும் அதற்குள் முடிய வேண்டும். மட்டை பாரமானால் பிள்ளை முடிவை முன்கூட்டியே எடுத்தாக வேண்டியிருப்பதால், விட வேண்டிய பந்துகளுக்கெல்லாம் மட்டையை வீசிக்கொண்டிருப்பான்.

தராசு காட்டும் நிறையும் முழு விபரத்தைத் தருவதில்லை. கையிலிருந்து தூரத்தில் இருக்கும் ஒவ்வொரு கிராமும் சுழற்சியை எதிர்க்கும் அளவு அந்தத் தூரத்தின் வர்க்கத்தோடு கூடுவதால், ஒரே நிறையுள்ள இரண்டு மட்டைகளில் பாரம் நுனியில் குவிந்துள்ள மட்டை கைக்கு அதிகம் கனக்கும். விற்பனை விபரத்தில் ‘பலன்ஸ்ட்’ என்றிருந்தால் பாரம் பரவலாக இருக்கிறது என்றும், ‘என்ட் லோடட்’ என்றிருந்தால் நுனியில் இருக்கிறது என்றும் கொள்ளுங்கள். மகனுக்கு முதல்வகையே தேவை. மைத்துனரிடம் இதைக் குறிப்பிட்டுச் சொல்லுங்கள். தூரத்திலிருந்து வாங்கும்போது தவறவிடப்படுவது பெரும்பாலும் இதுதான்.

நீளத்தை நீங்கள் வீட்டிலேயே சரிபார்க்கலாம். 30 அங்குலம், அதாவது 76 சென்ரிமீற்றர் நீளத்துக்கு ஒரு தடியை வெட்டி, அதன் ஒரு முனையை மகனின் நெஞ்சின் நடுவில் வைத்துப் பக்கவாட்டில் நீட்டிய கையோடு பிடியுங்கள். விரல் நுனி தடியின் மறுமுனையைத் தொட வேண்டும். அதற்கு மேலும் தடி நீண்டால் 29 அங்குலம் வாங்குவதே நல்லது. அவனுடைய உயரத்துக்கும் நிறைக்கும் இந்த இரண்டு அளவுகளில் ஒன்று பொருந்துமென்றே எதிர்பார்க்கிறேன். பாரத்தைப் பார்ப்பதற்கு, பாடசாலையில் இருக்கும் மட்டையொன்றை எழுதும் கையல்லாத மறுகையால் பிடித்து, கையை நேராக நீட்டி அரை நிமிடம் வைத்திருக்கச் சொல்லுங்கள். நுனி தாழ்ந்தாலோ கை நடுங்கினாலோ அந்த மட்டை அவனுக்குக் கனமானது. பிறகு அந்த மட்டையின் நிறையைக் கடைத் தராசில் போட்டுப் பார்த்தால், கனடாவுக்குச் சொல்ல ஓர் எண் கையில் இருக்கும்.

இனி உலோகத்தைப் பற்றி. அலோய் என்று இங்கே சொல்லப்படுவது அலுமினியக் கலவை. துத்தநாகத்தை முதன்மையாகச் சேர்த்த 7000 வரிசைக் கலவைகள் வலிமை மிக்கவை. ஆதலால் உள்ளே வெறுமையான மட்டையின் சுவரை மெல்லியதாக்கி, அதை இலேசாகவும் பந்தடிக்கும் பகுதியை அகலமாகவும் செய்ய முடிகிறது. மக்னீசியமும் சிலிக்கனும் சேர்ந்த 6061 போன்றவை மலிவானவை, ஆனால் வலிமை குறைந்தவை. தயாரிப்பாளர்கள் தத்தம் கலவைக்குப் பகட்டான பெயர் வைத்திருப்பார்கள். அந்தப் பெயர்களுக்காகக் கூடுதல் பணம் கொடுக்கும் தேவை பதினொரு வயதில் இல்லை.

கொம்பொசிட் மட்டை காபன் இழைகளைப் பிசினோடு சேர்த்துச் செய்யப்படுவது. கைக்கு அதிர்வு குறைவு, பந்தைச் சரியாக அடிக்கக்கூடிய இடமும் சற்றுப் பரந்தது என்பது உண்மைதான். ஆனால் விலை பல வேளைகளில் அலோய் மட்டையின் இரண்டு மூன்று மடங்கு. நூற்றுக்கு மேற்பட்ட தடவை அடித்துப் பதப்படுத்திய பின்னரே முழுத்திறனைக் காட்டும் வகைகளும் உண்டு. வெடித்தால் அத்தோடு முடிந்தது. உத்தரவாதம் இருந்தாலும் உடைந்த மட்டையைக் கடல்கடந்து திருப்பியனுப்பி மாற்றுவது நம்மவர்களுக்கு நடைமுறைச் சாத்தியமில்லை. அலோய் மட்டை வாங்கிய நாளே பயன்படும், நசுங்கினாலும் பெரும்பாலும் தொடர்ந்து ஆட விடும். மாற்று மட்டை வாங்கக் கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ சொல்லியனுப்ப வேண்டிய நமது பகுதிக்கு இந்த ஒரு காரணமே போதுமானது என்பது எனது கருத்து. மட்டக்களப்பு நகரின் வெபர் மைதானத்துக்குத் தம் பெயரைக் கொடுத்த அருட்தந்தை வெபரும் அவரையொத்த அமெரிக்க இயேசு சபைத் துறவிகளும் இங்கே கூடைப்பந்தாட்டத்தை வேரூன்றச் செய்தார்கள். அவர்களுடைய நாட்டின் பேஸ்போல் மட்டும் ஏனோ இங்கே ஊன்றவில்லை, அதனால் உபகரணக் கடைகளும் உருவாகவில்லை.

அதிர்வைப் பொறுத்தவரை ஒன்று சொல்ல வேண்டும். ஒரே துண்டாகச் செய்த அலோய் மட்டையில் பந்து நுனியிலோ பிடிக்கு அருகிலோ பட்டால் உள்ளங்கை விறைத்துப்போகும். எல்லேயிலும் மென்பந்துக் கிரிக்கெட்டிலும் இலேசான பந்தோடு பழகிய பிள்ளைக்கு இது புதிய அனுபவமாக இருக்கும், முதல் வாரங்களில் முறையிடவும் செய்வான். துடுப்பாட்டக் கையுறை போட்டால் ஓரளவு குறையும். பந்து சரியான இடத்தில் படப் பழகியதும் பெருமளவு நின்றுவிடும்.

முத்திரைகளையும் கவனியுங்கள். உலோக மட்டை மரமட்டையைவிட வேகமாகப் பந்தைத் திருப்பியனுப்பக்கூடியது என்பதால், பந்துவீசும் பிள்ளையின் பாதுகாப்புக் கருதி அமெரிக்க அமைப்புகள் அதன் திறனுக்கு வரம்பு வைத்திருக்கின்றன. சிறுவர் ஆட்டங்களுக்கான யூஎஸ்ஏ பேஸ்போல் தரம் 2018 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. அந்த முத்திரையுள்ள மட்டை ஏறத்தாழ மரமட்டையைப் போன்றே நடந்துகொள்ளும். யூஎஸ்எஸ்எஸ்ஏ என்ற மற்றோர் அமெரிக்க அமைப்பின் 1.15 முத்திரையுள்ளவை கூடுதல் வேகம் தருபவை. பயிற்றுவிப்பாளர் வேறு தேவையைச் சொல்லாவிட்டால் முதலாவது முத்திரையே போதும். ஆனால் போட்டிகளில் எந்த மட்டைக்கு அனுமதி என்பதை வாங்குவதற்கு முன்பே அவரிடம் கேட்டுவிடுங்கள். சொஃப்ட்போல் மட்டையும், ‘ரீபோல்’ என்று குறித்த சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கான மட்டையும் பார்வைக்கு இதே போலிருக்கும். அவை பேஸ்போல் பந்தின் அடிக்கு ஏற்றவையல்ல. நீளமும் நிறையும் முத்திரையும் எதுவுமின்றி உள்ளூரில் மலிவாக விற்கப்படும் அலுமினிய மட்டைகளை விளையாட்டு உபகரணமாகவே கருத வேண்டாம்.

மட்டை ஊர் வந்ததும் அதற்குப் பெரிய எதிரி கிரிக்கெட் பந்து. வளவில் கூடும் நண்பர்கள் தோற்பந்தை இந்த மட்டையால் அடித்துப் பார்க்க ஆசைப்படுவார்கள். தோற்பந்து பேஸ்போலைவிடப் பாரமானது, கடினமானது. மெல்லிய அலுமினியச் சுவரில் பள்ளம் விழுந்துவிடும். பந்துவீச்சு இயந்திரத்துக்கான குழிவிழுந்த பிளாஸ்ரிக் பந்துகளும் மாரி மழையில் நனைந்த பந்துகளும் இதே சேதத்தைச் செய்யும். ஒவ்வோர் அடிக்குப் பின்னரும் மட்டையைக் கையில் கால்வட்டம் திருப்பிப் பிடிக்கப் பழக்கினால் தேய்மானம் ஓரிடத்தில் குவியாது. அலுமினியம் இரும்பைப்போலத் துருப்பிடிக்காது என்றாலும், கடலோர உப்பு படிந்து கிடந்தால் மேற்பரப்பில் சிறு குழிகள் விழும்; ஆடி முடிந்ததும் நன்னீரில் நனைத்த துணியால் துடைத்து உலரவிடுவது போதுமானது. கிரிப் வியர்வையில் வழுக்கத் தொடங்கினால், நகரத்து விளையாட்டுக் கடைகளில் கிடைக்கும் பட்மின்டன் கிரிப்பை அதன்மேல் சுற்றலாம். அடிக்கும் ஒலி திடீரென மந்தமானாலோ மட்டையைத் தடவும்போது வெடிப்பு தட்டுப்பட்டாலோ அந்த மட்டையை உடனே ஒதுக்கிவிடுங்கள். உடையும் துண்டு அருகில் நிற்பவர்மீது பாயும்.

கழிவு விலையை விட்டுவிடுவதில் உங்கள் மைத்துனருக்கு மனக்குறை இருக்குமானால், அந்தப் பணத்தில் இரு காதுகளையும் மூடும் பேஸ்போல் தலைக்கவசம் ஒன்றை வாங்கி வரச் சொல்லுங்கள். என்னைக் கேட்டால் மட்டைக்கும் முன்பாக வாங்க வேண்டியது அதுதான். மட்டையைக் கைப்பொதியில் வைக்க வேண்டாம், விமான நிலையப் பாதுகாப்புச் சோதனையில் தடுத்துவிடுவார்கள். ஒப்படைக்கும் பொதியில் உடுப்புகளுக்கு நடுவே குறுக்காக வைத்தால் 30 அங்குல மட்டை பெரிய பெட்டியொன்றில் அடங்கும். அவர் புறப்படும்வரை பிளாஸ்ரிக் உறையைப் பிரிக்காமலும் பற்றுச்சீட்டைப் பத்திரமாகவும் வைத்திருந்தால், நீங்கள் தடியால் அளந்ததில் 29 அங்குலமே சரியென்று தெரியவரும்போது கடையில் மாற்றிக்கொள்ள முடியும்.