மூன்று சாக்லேட் முட்டையும் 13.4 என்ற எண்ணும்

கேள்வி: லண்டனில் வசிக்கிறோம். ஈஸ்டருக்கு வந்த கேட்பரி கிரீம் எக் மூன்றை என் 7 வயது மகன் ஒரே மூச்சில் தின்றுவிட்டான். மாமியாரின் சுகர் மெஷினில் உடனே குத்திப் பார்த்தேன், இங்கே வழங்கும் மில்லிமோல் (mmol/L) கணக்கில் 13.4 காட்டியது. இரண்டு நாளாகச் சோற்றை நிறுத்திப் பாகற்காய்ச் சாறு கொடுக்கிறேன். சர்க்கரை நோய் வந்துவிட்டதா? உள்ளே இருப்பது பச்சை முட்டையா? மஞ்சள் சாயம் கெடுதல் என்று இணையத்தில் படித்தேன், உண்மையா?

பதில்: குத்துவதற்கு முன் அவன் கையைக் கழுவினீர்களா? விரலில் ஒட்டிய இனிப்பு ரத்தத் துளியோடு கலந்தால் மெஷின் அதையும் சேர்த்துத்தான் காட்டும். சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்துவிட்டு இப்போதே மறுபடி பாருங்கள். 11க்கு மேல் இருந்தால் இன்றே மருத்துவரிடம் போகவேண்டும். குறைந்திருந்தாலும் நடந்ததை உங்கள் ஜி.பி.யிடம் (குடும்ப மருத்துவரிடம்) சொல்லிவிடுங்கள்.

பாகற்காய்ச் சாற்றை இன்றோடு நிறுத்துங்கள். நோய் இருந்தால் அது இன்சுலினுக்கு ஈடாகாது; இல்லையென்றால் பிள்ளையை எதற்குப் பட்டினி போடவேண்டும்? சோறு கொடுங்கள்.

சிறுவர்களுக்குப் பெரும்பாலும் வருவது முதல் வகைச் சர்க்கரை நோய். அது மிட்டாய் தின்று வருவதில்லை. உடலின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுகிறது. நான் தேடுவது வேறு அடையாளங்களை: ஓயாத தாகம், அடிக்கடி சிறுநீர், சோர்வு, காரணமில்லாமல் மெலிவது. எல்லாவற்றையும்விட, படுக்கையை நனைப்பதை விட்ட பிள்ளை மறுபடி நனைக்கத் தொடங்குவது. இதில் ஒன்று இருந்தாலும் மெஷின் என்ன காட்டினாலும் அன்றே மருத்துவர் பார்க்கவேண்டும். வெறும் வயிற்றுப் பரிசோதனைக்கு நாள் குறித்துக் காத்திருக்காதீர்கள். அதோடு வாந்தி, வயிற்றுவலி, மேல்மூச்சு வாங்குவது, மூச்சில் பழவாசனை, மயக்கம் என்று ஏதாவது சேர்ந்தால் உடனே அவசர உதவி எண் 999ஐ அழையுங்கள். சில நாள் தாமதத்தில் உயிருக்கே ஆபத்தாகிவிடும் நோய் இது.

உள்ளே இருப்பது சர்க்கரைப் பாகும் உலர்த்திய முட்டை வெண்கருவும். முட்டை ஒவ்வாமை இல்லாதவனுக்குப் பயமில்லை. மஞ்சள் நிறம் மிளகாய் இனத்துப் பாப்ரிக்காவின் சாறு. இணையத்தில் படித்ததை மறந்துவிடுங்கள்.

இனிப்பின் அளவுதான் அதிகம். 40 கிராம் முட்டை ஒன்றில் சுமார் 26 கிராம் சர்க்கரை. இந்த வயதுக்கு என்.எச்.எஸ். (பிரிட்டன் அரசின் மருத்துவச் சேவை) சொல்லும் ஒரு நாள் வரம்போ 24 கிராம். பரிசோதனையில் எல்லாம் சரியென்றால், மிச்சமிருப்பதை எப்போதாவது ஒன்று, சாப்பாட்டோடு கொடுங்கள்.

படுக்கை விஷயத்தை அவனைத் தனியாக உட்காரவைத்து, திட்டாமல் கேளுங்கள். 7 வயதுப் பிள்ளை வெட்கத்தில் ஈரத் துணியை ஒளித்துவைத்திருக்கலாம்.