அக்காவுக்குச் சேர வேண்டியது

கேள்வி: அப்பா உயில் எழுதாமல் இறந்துவிட்டார். அம்மா அதற்கு முன்பே போய்விட்டார்கள். வீட்டின் பேரில் கடன் வாங்க ஒரு கையெழுத்து வேண்டும் என்று அக்காவிடம் பொய் சொல்லி, தன் பங்கை எனக்கு விட்டுக்கொடுப்பதாகச் சொல்லும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கி, வீட்டை என் பெயருக்கு மாற்றிக்கொண்டேன். பிறகு ஒரு உபவாசக் கூட்டத்தில் அழுது மனந்திரும்பி ஞானஸ்நானம் எடுத்தேன், இப்போது சபையில் சாட்சியும் சொல்கிறேன். ஆனால் ஜெபிக்க முழங்கால் போட்டாலே அக்கா முகம்தான் வருகிறது. 'இயேசுவின் இரத்தம் எல்லாவற்றையும் கழுவிவிட்டது, பழசைக் கிளறுவது பிசாசு' என்கிறார்கள் சபை நண்பர்கள். நான் இன்னும் மனந்திரும்பவில்லையா?

பதில்: சகோதரரே, அந்த முகத்தைக் கொண்டுவருவது பிசாசு என்று எனக்குத் தோன்றவில்லை. மத்தேயு 5-ஆம் அதிகாரத்தில் இயேசு சொல்வதை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். காணிக்கையோடு பலிபீடத்துக்கு வந்த ஒருவனுக்கு, தன்மேல் சகோதரனுக்குக் குறை உண்டு என்பது அங்கே வந்தபிறகுதான் நினைவுக்கு வருகிறது. காணிக்கையை அப்படியே வைத்துவிட்டுப் போய் முதலில் ஒப்புரவாகு, பிறகு வந்து செலுத்து என்கிறார். உங்களுக்கும் ஜெபத்தில்தானே அக்கா நினைவு வருகிறது?

உங்கள் நண்பர்கள் சொல்வதில் பாதி சரி. கிறிஸ்துவின் இரத்தம் கழுவுகிறது, அதில் எனக்கு ஒரு துளி சந்தேகமும் இல்லை. ஆனால் தேவன் உங்களை மன்னித்தார் என்பதால் அக்காவின் பங்கு உங்களுடையதாகிவிடாது. இந்தியக் கிறிஸ்தவர்களுக்கான 1925-ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் இல்லாத சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. கல்யாணத்துக்கு நகை போட்டாயிற்று என்பதெல்லாம் நம் வீடுகளில் சொல்லிக்கொள்ளும் சமாதானம், அவ்வளவுதான்.

யோவான் ஸ்நானனிடம் வந்த ஜனங்கள் 'நாங்கள் என்ன செய்யவேண்டும்?' என்று கேட்டபோது, எவ்வளவு அழுதீர்கள் என்று அவர் விசாரிக்கவில்லை. வரி வசூலிப்பவர்களிடம் விதித்ததற்கு மேல் வாங்காதே என்றார், போர்ச்சேவகரிடம் யாரையும் மிரட்டாதே, சம்பளம் போதும் என்று இரு என்றார். அவரவர் கை எங்கே தப்பு செய்ததோ அங்கேயே விரல் வைத்தார். கூட்டத்தில் நீங்கள் விட்ட கண்ணீரைப் பொய் என்று சொல்லமாட்டேன், அது ஆரம்பம், ஆனால் ஆரம்பத்திலேயே நின்றுவிட்டீர்கள் என்றுதான் எனக்குப் படுகிறது.

சிலர் இந்த இடத்தில் 51-ஆம் சங்கீதத்தைக் காட்டி, தாவீது 'தேவரீர் ஒருவருக்கே விரோதமாகப் பாவஞ்செய்தேன்' என்றுதானே ஜெபித்தான் என்பார்கள். உண்மைதான், ஆனால் தாவீது ராஜா உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டு, அவனைப் போரில் சாகவும் வைத்துவிட்டான்; திரும்பிப் போய் எதையும் கொடுக்க உரியா உயிரோடு இல்லை. உங்கள் அக்கா இருக்கிறார்கள், அதற்கு ஸ்தோத்திரம் சொல்லுங்கள்.

அப்படியானால் வீட்டைத் திருப்பிக் கொடுத்தால்தான் இரட்சிப்பா என்று கேட்பீர்கள். இல்லை. வரி வசூலித்துப் பணக்காரனான சகேயு, அநியாயமாக வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்று வாய் திறப்பதற்கு முன்பே, இன்றைக்கு உன் வீட்டில் தங்கவேண்டும் என்று இயேசு அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டார். அந்த அன்பு வந்தபிறகுதான் அவன் கை திறந்தது. யூதாஸும் திருப்பிக் கொடுத்தவன்தான். இயேசுவைக் காட்டிக்கொடுத்து வாங்கிய 30 வெள்ளிக்காசை ஆலயத்திலேயே எறிந்து, பாவம் செய்தேன் என்று வாய்விட்டுச் சொன்னான், ஆனால் இயேசுவிடம் திரும்பி வரவில்லை, போய்த் தூக்குப்போட்டுக்கொண்டான். இயேசுவைத் தெரியாது என்று மூன்றுமுறை மறுதலித்த பேதுருவோ மனங்கசந்து அழுதான், அப்புறம் கடற்கரையில் கர்த்தர் நிற்கிறார் என்று கேட்டதும் படகு போய்ச்சேரும்வரைகூடப் பொறுக்காமல் தண்ணீரில் குதித்தான். அதனால் குற்ற உணர்வில் பணத்தைத் தூக்கி எறிந்து கணக்கு தீர்க்கப் பார்க்காதீர்கள், மன்னிக்கப்பட்டவனாகப் போங்கள்.

ஒருமுறை மனந்திரும்பினால் முடிந்தது என்ற எண்ணம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. பணம் கொடுத்துப் பாவமன்னிப்புச் சீட்டு வாங்கிய காலத்தில், 1517-இல், மார்ட்டின் லூத்தர் எழுதிய 95 கருத்துரைகளில் முதலாவதே, விசுவாசியின் வாழ்நாள் முழுவதுமே மனந்திரும்புதலாக இருக்கவேண்டும் என்பதுதான். நாம் சீட்டுக்குப் பதிலாக ஞானஸ்நானத் தேதியைக் காட்டிக்கொண்டிருக்கிறோம்.

சரி, இனி செய்யவேண்டியது. முதலில் சாட்சி சொல்வதை நிறுத்துங்கள். ஏமாற்றிய தம்பி மேடையில் நின்று 'கர்த்தர் என்னை மாற்றினார்' என்று சொல்வது அக்கா காதுக்குப் போனால், அவர்களுக்குத் தேவன்மேலேயே கசப்பு வரும். அப்புறம் உங்கள் மனைவியிடம் பேசுங்கள், வீடு அவர்கள் வாழ்க்கையும்தான், தெரியாமல் செய்து இன்னொரு பொய்யை ஆரம்பிக்காதீர்கள். பிறகு அக்கா வீட்டுக்கு நீங்களே போங்கள். பாஸ்டரைத் தூது அனுப்பவேண்டாம், வாட்ஸ்அப்பில் நீளமாக எழுதவும் வேண்டாம். 'அக்கா, கடனுக்கு என்று சொல்லி உன்னிடம் பொய் சொல்லிக் கையெழுத்து வாங்கினேன்' என்று நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். அப்போது எனக்குக் கஷ்டம், அத்தானும் சும்மாதானே இருந்தார் என்று எதையும் சேர்க்காதீர்கள். அவர்கள் கத்தினால் கேட்டுக்கொள்ளுங்கள். மன்னிப்பு கேளுங்கள், ஆனால் வேத வசனத்தைக் காட்டி மன்னித்துத்தான் ஆகவேண்டும் என்று நெருக்காதீர்கள். அது அவர்களுக்கும் கர்த்தருக்கும் நடுவில் உள்ள காரியம், வருடக்கணக்காகவும் ஆகலாம்.

பங்கை இன்றைய விலைக்கு மதிப்பிடுங்கள், பத்திரம் போட்ட நாளின் விலைக்கு அல்ல. கையில் பணம் இல்லையென்றால் பாதி வீட்டை அக்கா பெயருக்கு செட்டில்மெண்ட் (பணம் வாங்காமல் சொத்தை மாற்றிக் கொடுக்கும் பத்திரம்) எழுதலாம், குடும்பத்துக்குள் என்பதால் முத்திரைக் கட்டணம் குறைவாகத்தான் வரும், ஒரு நல்ல பத்திர எழுத்தரையோ வக்கீலையோ பாருங்கள். வேண்டாம் என்று அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் அந்தப் பங்கை உங்களுடையதாக நினைத்து விற்கவோ அடமானம் வைக்கவோ செய்யாதீர்கள். அவர்களுக்கு மனம் வரும்வரை, இல்லையென்றால் அவர்கள் பிள்ளைகள் வந்து கேட்கும்வரை, அது அங்கேயே இருக்கட்டும்.