லண்டன் மாஸ்டர்ஸ் வேண்டாம், தங்கச்சி

33 வயது மகளோடு ஒரு தாய் என்னிடம் படிப்பு ஆலோசனை கேட்டு வந்தார். மகள் யாழ்ப்பாணத்தில் நிதி நிறுவனம் ஒன்றில் வேலை செய்தவர். பிள்ளை கிடைப்பதற்கான சிகிச்சைக்கு அடிக்கடி கொழும்புக்குப் போகவேண்டி வந்தது, லீவு கிடைக்கவில்லை, வேலையை விட்டுவிட்டார். இப்போது புதிதாக ஏதாவது படிக்க விருப்பம். "கலியாணம் முடிஞ்சு ஆறு வருசம், புதினம் ஒண்டும் இல்லை. இந்த நேரத்தில படிப்போ எண்டு சனம் கேக்குது" என்றார் தாய். லண்டன் மாமா வட்ஸ்அப்பில் வேறு வழி சொல்லியிருந்தார்: "இஞ்ச வந்து ஒரு மாஸ்டர்ஸ் செய்யட்டும். ட்ரீட்மென்டும் இஞ்ச ஃப்ரீ."

அம்மா, எல்லாம் சரிவரும் என்று சொல்லி உங்களை அனுப்பிவிடலாம். ஆனால் மாமாவின் கணக்குப் பிழை.

2024 ஜனவரியிலிருந்து தொடங்கும் சாதாரண மாஸ்டர்ஸ் படிப்புகளுக்கு, பிரித்தானிய மாணவர் வீசாவில் கணவனைக் கூட்டிப்போக முடியாது. ஆய்வுப் பட்டத்துக்கும் அரச புலமைப்பரிசிலுக்கும்தான் விலக்கு. மகள் அங்கே, மருமகன் இங்கே. பிள்ளைக்காக வைத்தியம் பார்க்கும் தம்பதிக்கு இது என்ன ஏற்பாடு? இலவசம் என்ற கதையும் சரியில்லை. மாணவர் வருடத்துக்கு 776 பவுண் சுகாதாரக் கட்டணம் கட்டவேண்டும். அதைக் கட்டினாலும் இங்கிலாந்தில் ஐ.வி.எஃப். என்ற சோதனைக்குழாய் முறைச் சிகிச்சை அதற்குள் வராது, 2017 ஆகஸ்ட் முதல் அப்படித்தான். படிப்புக் கட்டணத்துக்குச் சீதனக் காணியை ஈடு வைக்கலாம் என்று தாய் மெல்லச் சொன்னார். கூடாது அம்மா. அந்தக் காணி மகளுடையது, மாமாவின் யோசனைக்காக எழுதிக்கொடுத்தது இல்லை.

பெரியம்மா முன்பள்ளி ஆசிரியர் பயிற்சியைச் சொன்னாராம், "பிள்ளையளோட இருந்தா மனம் ஆறும்" என்று. சிலருக்கு ஆறலாம். அது இந்தப் பெண் விரும்பிக் கேட்ட வேலை இல்லை. அவரது குறை என்று மற்றவர்கள் நினைப்பதை நிரப்ப அவர்களே கண்டுபிடித்த வேலை. "பிள்ளை கிடைச்சாப்பிறகு படி" என்பதையும் நான் ஏற்கமாட்டேன். எப்போது கிடைக்கும் என்று எந்த வைத்தியரும் திகதி தரமாட்டார்.

ஆனால் தங்கச்சி, படிப்புக்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போடவும் வேண்டாம். நான் வைத்தியர் இல்லை. 35க்குப் பிறகு முட்டைகளின் எண்ணிக்கையும் தரமும் வேகமாகக் குறையும் என்பது உங்கள் வைத்தியர் ஏற்கெனவே சொன்னதுதான். அதனால் வளைந்துகொடுக்க வேண்டியது படிப்பு. ஐ.வி.எஃப். சுற்று ஒன்றை எண்ணிப்பாருங்கள்: ஏறக்குறைய பத்துப் பன்னிரண்டு நாள் ஊசி, இடையிடையே ஸ்கான், கடைசி ஊசி போட்டு ஒன்றரை நாளில் முட்டை எடுப்பு, மூன்றாம் அல்லது ஐந்தாம் நாள் கருவை வைப்பது, பிறகு இரண்டு கிழமைக் காத்திருப்பு. எந்த மாதம் என்று முன்கூட்டியே குறித்துவைக்க முடியாது. 80 வீத வரவு கேட்கும் முழுநேர வகுப்பு இதோடு ஒத்துவராது. சிகிச்சையும் சரிவராமல் பரீட்சையும் தவறினால் இரண்டு பழியும் உங்கள் தலையில்தான் விழும்.

வங்கிப் பரீட்சை, ஏ.ஏ.டி., சிமா போன்ற கணக்கியல் படிப்புகள் எல்லாம் உங்களுக்கே தெரியும், விடுகிறேன். வீட்டில் சும்மா இருக்கும்போது என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். அப்பா சேர்த்துவைத்த பழைய சஞ்சிகைகளை எக்ஸெலில் ஆண்டு வாரியாகப் பதிந்து வருவதாகச் சொன்னீர்கள். அதைச் சொன்னபோதுதான் முதன்முதலாகக் குரல் உயர்ந்தது. தாய் அதை ஒரு வேலையாகவே எடுக்கவில்லை.

நூலக, தகவல் விஞ்ஞானம் படியுங்கள். 1960இல் தொடங்கிய இலங்கை நூலகச் சங்கம் இதில் டிப்ளோமா நடத்துகிறது. நிலை நிலையாகப் போகும் படிப்பு, தமிழிலும் உண்டு, வகுப்புகள் பெரும்பாலும் வார இறுதியில். ஒரு நிலையை முடித்துவிட்டு நின்று பிறகு தொடரலாமா என்பதுதான் உங்களுக்கு முக்கியம். அதையும், யாழ்ப்பாண வகுப்புக்கு அடுத்த அனுமதி எப்போது என்றும் சங்கத்திடமே நேரே கேளுங்கள்.

நூலகர் என்றால் மேசையில் இருந்து புத்தகத்துக்கு முத்திரை குத்துபவர் என்று இங்கே இன்னும் நினைக்கிறார்கள். 1981இல் பொது நூலகத்தை எரியக் கொடுத்த ஊர் இப்படி நினைப்பது எனக்குப் பிடிபடுவதில்லை. உள்ளே இருக்கும் வேலையைப் பாருங்கள். நூல்களை எண்ணால் வகைப்படுத்த 1876இல் வந்த டூயி பகுப்பில் தமிழ் இலக்கியத்துக்கு எண் 894.811. அந்த எண்ணுக்குக் கீழே ஆயிரக்கணக்கான நூல்களை யாராவது ஒழுங்காக இறக்கவேண்டும். பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளையின் பெயர் ஆங்கிலத்தில் ஒரு பட்டியலில் 'D'யில் தொடங்கும், இன்னொன்றில் 'Th'இல், வேறொன்றில் 'பிள்ளை' தனியாக நிற்கும். எல்லாம் ஒரே ஆள் என்று கணினிக்குச் சொல்லிவைக்க, தமிழ்ப் பெயரும் முதலெழுத்தும் தெரிந்த ஆள் வேண்டும். கோஹா என்ற இலவச மென்பொருளில் நூலகப் பட்டியல், டிஸ்பேஸ் என்ற இன்னொரு மென்பொருளில் மின்னூல் களஞ்சியம், ஸ்கான் செய்த பக்கத்துக்கு அது எது, யாருடையது என்று சொல்லும் விபரத்தரவு: இவற்றில் ஒரு பகுதியை வீட்டிலிருந்தே மடிக்கணினியில் செய்யலாம். சிகிச்சைக்குக் கொழும்பில் தங்கும் நாட்களிலும் செய்யலாம். 2005 முதல் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் மின்வடிவில் சேர்த்துவரும் நூலகம் திட்டத்தைத் திறந்து, ஒரு சஞ்சிகையின் பதிவை எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள்.

வங்கிச் சம்பளம் இதில் வராது. அரச, மாகாண நூலகர் பதவிகளை நம்பி இறங்குவதானால் வர்த்தமானியில் வயதெல்லையை முதலில் பாருங்கள். உங்கள் வயதில் சில கதவுகள் மூடிவிடும். தனியார் பாடசாலை, தொண்டு நிறுவனம், ஆவணத் திட்டம் என்றுதான் தேடவேண்டி வரலாம். இதைத் தெரிந்துகொண்டே இறங்குங்கள்.

காசு விஷயத்தில் நான் இளகமாட்டேன். சிகிச்சைக் காசு ஒரு கணக்கில், படிப்புக் காசு இன்னொரு கணக்கில். ஊசி மருந்து, கருவை உறைய வைப்பது, கொழும்பில் தங்குவது எல்லாம் சேர்த்து ஒரு சுற்றுக்கு எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். எத்தனை சுற்றோடு நிறுத்துவது என்பதைக் கணவரும் நீங்களும் வைத்தியரோடு இருந்து இப்போதே பேசுங்கள், காசு முடிந்த பிறகு இல்லை. கணவர் தன் பரிசோதனையை இன்னும் செய்யவில்லை என்று தாய் சொன்னார். மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான தம்பதிகளில் ஆண் பக்கத்திலும் காரணம் இருக்கும். அது முடியாமல் அடுத்த சுற்றுக்கு ஒரு ரூபாயும் கட்டவேண்டாம். படிப்புக்கு நகை அடகு வைப்பதும் இல்லை.

அனுமதி திறக்கும்வரை அப்பாவின் சஞ்சிகைகளில் ஐம்பதை எடுங்கள். ஆசிரியர், இதழ் எண், மாதம், அச்சகம், கட்டுரைத் தலைப்பு என்று ஒவ்வொன்றையும் முழுமையாகப் பதியுங்கள். பிறகு சுன்னாகம் நூலகத்துக்கோ பொது நூலகத்துக்கோ கொண்டுபோய், பட்டியலாக்கம் செய்பவரிடம் காட்டி எங்கே பிழை என்று கேளுங்கள். ஐம்பதை முடிக்குமுன் அலுத்துவிட்டால் திரும்ப வாருங்கள், வேறு படிப்புப் பார்ப்போம்.