வழவழ மூக்கா, வின்டன் இன்ஜினா?

கேள்வி: டீசலில் ஓடிய முதல் ஸ்ட்ரீம்லைன் (காற்றைக் கிழித்துப் போகும் வழவழப்பான உருவ) ரயில் அமெரிக்காவின் ‘ஸெஃபிர்’ தானே?

அமெரிக்காவில் முதல். ஜெர்மனியின் ‘ஃப்ளீகண்டர் ஹாம்புர்கர்’ அதற்கு முன்பே, 1933 மே 15 முதல் பெர்லின்–ஹாம்பர்க் இடையிலான 286 கி.மீ.யை 138 நிமிடத்தில் கடந்துகொண்டிருந்தது. இரண்டே பெட்டி, தலா 410 குதிரைத்திறனில் இரண்டு மேபாக் டீசல் இன்ஜின்கள். 160 கி.மீ. வேகத்தில் சக்கர பிரேக் மட்டும் போதாது என்பதால் தண்டவாளத்தையே பிடிக்கும் மின்காந்த பிரேக்கும் உண்டு.

அமெரிக்காவின் யூனியன் பசிபிக் ரயில் கம்பெனியின் எம்-10000 ஸெஃபிரை முந்திக்கொண்டு 1934 பிப்ரவரியில் வந்தது. ஆனால் அது டீசல் ரயில் அல்ல. டிஸ்டில்லேட் என்ற பெட்ரோலிய எரிபொருளை ஸ்பார்க் பிளக்கால் எரிக்கும் இன்ஜின். பல பட்டியல்களில் இதையும் டீசல் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள்.

கேள்வி: ஸெஃபிரின் வேகத்துக்கு வழவழப்பான உருவம்தான் காரணமா?

பாதிக் காரணம்கூட இல்லை என்பேன். வேகம் இரட்டித்தால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும், 100 கி.மீ.க்கு மேல் ஓடும்போதுதான் உருவத்தின் பலன் நன்றாகத் தெரியும். நின்று நின்று போகும் ரயிலுக்கு எடைதான் எதிரி. மூன்று பெட்டி ஸெஃபிர் மொத்தமே ஏறத்தாழ 100 டன். அந்தக் காலத்துப் புல்மன் தூங்கும் பெட்டி ஒன்றே 70 டன்னைத் தாண்டும்.

எடையைக் குறைத்த வழிகள் இரண்டு. ஒன்று, பட் கம்பெனியின் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் உடல். சாதாரண வெல்டிங்கில் இணைப்பு அதிக நேரம் சூட்டிலேயே இருக்கும். அப்போது எஃகிலுள்ள குரோமியம் கார்பனோடு சேர்ந்து பிரிந்துவிட, அந்த இடத்தில் துரு பிடிக்கும். அதனால் பெருமளவு மின்சாரத்தைக் கண நேரம் மட்டும் பாய்ச்சி ஒட்டினார்கள். இன்னொன்று, அடுத்தடுத்த இரண்டு பெட்டிகளின் முனைகளை ஒரே சக்கரத் தொகுதியில் உட்கார வைத்தது. மூன்று பெட்டிக்கு ஆறு தொகுதி வேண்டிய இடத்தில் நான்கு போதும்.

ஸெஃபிரின் இன்ஜின் வின்டன் 201-ஏ, டீசல். 8 சிலிண்டர், 600 குதிரைத்திறன், டூ-ஸ்ட்ரோக். ஃபோர்-ஸ்ட்ரோக்கில் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை கிடைக்கும் உந்துதல் இதில் ஒவ்வொரு சுற்றிலும் கிடைக்கும். அதனால் சிறிய இன்ஜினே போதும். புகையை வெளியே தள்ள, காற்றை ஊதும் புளோயர் மட்டும் தனியாக வேண்டும். பலவீனம் பிஸ்டன், ஆயுள் குறைவு. 1938-ல் வந்த 567 வரிசை இன்ஜின்களில்தான் அது சீரானது.

கேள்வி: ஸெஃபிரின் டென்வர்–சிகாகோ சாதனை ஓட்டத்தில் கோளாறே வரவில்லையா?

வந்தது. 1934 மே 26 அன்று 1,633 கி.மீ.யை நிற்காமல் 13 மணி 5 நிமிடத்தில் கடந்தார்கள். உச்ச வேகம் 181 கி.மீ. நடுவழியில் ஷார்ட் சர்க்யூட்டில் ஸ்டார்ட்டர் கேபிள் எரிந்து இன்ஜின் அணைந்துவிட்டது. ரயில் உருண்டுகொண்டிருக்கும்போதே அறுந்த முனைகளைக் கையால் சேர்த்துப் பிடித்து ஸ்டார்ட் செய்தார்கள். பிடித்தவர் கை வெந்துபோனது. வழி நெடுக லெவல் கிராசிங்குகளில் காவலுக்கு ஆள் நிறுத்தியிருந்தார்கள் என்பதையும் மறக்கக்கூடாது. தினசரி ஓட்டத்தில் அது நடக்காது.

கேள்வி: பிறகு ஏன் ஸெஃபிர் வகை ரயிலைக் கைவிட்டார்கள்?

எடையைக் குறைத்த அதே பொதுச் சக்கரத் தொகுதிதான், பெட்டிகளைப் பிரிக்க முடியாதபடி இணைத்ததுதான் காரணம். கூட்டம் அதிகமானால் ஒரு பெட்டி சேர்க்க முடியாது. ஒரு பெட்டி பழுதானால் பட்டறையில் தூக்கித்தான் பிரிக்க வேண்டும். இன்ஜின் படுத்தால் 72 இருக்கையும் சேர்ந்து நின்றுவிடும். 1937-ல் பால்டிமோர் அண்ட் ஓஹையோ ரயில் கம்பெனிக்கு வந்த ‘இ’ வரிசை டீசல்கள், பெட்டிகளோடு ஒட்டாத தனி இழுவை வண்டிகள். ஒவ்வொன்றிலும் 900 குதிரைத்திறன் வின்டன் இன்ஜின் இரண்டு. எந்தப் பெட்டியையும் பின்னால் மாட்டலாம், கழற்றலாம். டிரைவர் இருக்கையையும் மூக்குக்குப் பின்னால், உயரத்தில் வைத்தார்கள்: லெவல் கிராசிங்கில் லாரி மீது மோதினால் முதல் அடி அவருக்கு விழாது.