இரண்டு பனி ஊர்திக்கு எந்தப் பெட்டி?

வாகனமும் பட்டறையும்: வாசகர் கேள்விகளுக்குச் சுன்னாகத்திலிருந்து பதில்

கேள்வி: என் மகன் கனடாவில், ஒன்ராறியோ மாகாணத்தின் பாரி நகரில் இருக்கிறான். அவனும் அவனுடைய மச்சானும் பனியில் ஓடும் ஸ்நோமொபைல் ஆளுக்கொன்று வாங்கிவிட்டார்கள். வடக்கே கொண்டுபோய் ஓட்டுவதற்கு மூடிய ட்ரெயிலர் ஒன்று தேடுகிறார்கள். 7 அடி அகலம், 12 அடி நீளத்தில் இரும்புச் சட்டப் பெட்டியொன்று மலிவு விலைக்கு வந்திருக்கிறதாம். “அப்பா, நீங்கள் வாசிக்கிற சஞ்சிகையில் பதில் எழுதுகிறவர் இங்கே வேலை செய்தவர்தானே, ஒருமுறை கேளுங்கள்” என்கிறான். அவனிடம் இருப்பது சிறிய ஜீப். அந்தப் பெட்டியை எடுக்கலாமா?
– ஒரு தந்தை, கோண்டாவில்

பதில்: ஐயா, அந்தப் பெட்டிக்கு முற்பணம் கொடுக்க வேண்டாம் என்று இன்றைக்கே மகனிடம் சொல்லிவிடுங்கள். காரணத்தை விளக்கமாக எழுதுகிறேன். அதே ஒன்ராறியோவின் சட்பரி நகரில் ட்ரெயிலர் திருத்தும் கராஜ் ஒன்றில் நான் வேலை செய்த காலத்தில் என் கையால் கழற்றிப் பூட்டிய பெட்டிகளுக்குக் கணக்கில்லை. ஆகவே இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது எனக்கு மிகவும் விருப்பமான வேலை.

இங்குள்ள வாசகர்களுக்காக முதலில் ஒரு வார்த்தை. ஸ்நோமொபைல் என்பது முன்னால் இரண்டு சறுக்குக் கட்டைகளும் பின்னால் அகலமான இறப்பர்ப் பட்டையும் கொண்ட வண்டி. பட்டை சுழன்று தள்ள, வண்டி பனிமேல் ஓடும். 1959இல் கியூபெக் மாகாணத்தைச் சேர்ந்த ஜோசப்-அர்மான் பொம்பார்டியே ‘ஸ்கி-டூ’ என்ற பெயரில் விற்பனைக்கு விட்ட பிறகுதான் அது வீடுவீடாகப் பரவியது. வெறும் தார் வீதியில் ஓட்டினால் சறுக்குக் கட்டையும் பட்டையும் தேய்ந்துபோகும். அதனால் பனித்தடம் தொடங்கும் இடம்வரை அதை ஏற்றிக்கொண்டுதான் போக வேண்டும்.

இனி உங்கள் மகனின் பெட்டி. அளவு நாடாவை எடுத்து ஒரு வண்டியின் சறுக்குக் கட்டைகளை வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்புக்கு அளக்கச் சொல்லுங்கள். ஏறக்குறைய 4 அடி வரும். இரண்டை அருகருகே நிறுத்த 8 அடி வேண்டும். 7 அடிப் பெட்டிக்குள் எப்படி நிறுத்துவது? ஒன்றன் பின் ஒன்றாக விடலாம் என்றால், ஒரு வண்டியே 10 அடிக்கு மேல் நீளம். ஆகவே அந்தப் பெட்டி ஒரு வண்டிக்குத்தான் காணும். இரண்டுக்கு, எட்டரை அடி அகலமும் 12 அடி நீளமும் உள்ள பெட்டி வேண்டும். அல்லது 7 அடி அகலத்தில் 23 அடி அளவுக்கு நீண்ட பெட்டி வேண்டும். அவ்வளவு நீளத்தைச் சிறிய ஜீப்பில் கொழுவவே கூடாது. எட்டரை அடிதான் வழி. விளம்பரத்தில் போடுவது வெளி அளவு. உள்ளளவையும் கதவு வாசலின் அகலத்தையும் தனியாக அளக்க வேண்டும். சில பெட்டிகளில் சக்கரத்துக்கான மேடு உள்ளே எழும்பி நின்று இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

அடுத்தது எடை. ஒரு வண்டி 200 முதல் 300 கிலோ வரை இருக்கும். எரிபொருளும் பட்டையில் ஒட்டிய பனியும் சேர்த்து இரண்டுக்கும் 600 கிலோ என்று வையுங்கள். வெறும் பெட்டி 650 கிலோ என்றால் 1,250 ஆகிவிட்டது. பெற்றோல் கான், திருத்தும் கருவிகள் உள்ள பெட்டி, தலைக்கவசம், உடுப்பு எல்லாம் ஏறும்போது 1,360ஐத் தொட்டுவிடும். ஒன்ராறியோவில் மொத்த எடை 1,360 கிலோவை எட்டும் ட்ரெயிலருக்குச் சொந்த பிரேக் இருக்க வேண்டும் என்பது சட்டம். நான் சொல்வது, சட்டம் கேட்காத எடையாக இருந்தாலும் மின்சார பிரேக் உள்ளதையே வாங்குங்கள் என்பது. பனி உறைந்த வீதியில், இறக்கத்தில், பின்னாலிருந்து ஒரு தொன்னுக்கு மேற்பட்ட பாரம் தள்ளும்போது ஜீப்பின் பிரேக் மட்டும் என்ன செய்யும்? ஜீப் எவ்வளவு இழுக்கலாம் என்பது அதன் கைநூலில் இருக்கிறது. அந்த எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் கடைக்குப் போக வேண்டும். எண் போதவில்லை என்றால், உயரம் குறைந்து மேல்மூடி திறக்கும் வகை ஒன்று உண்டு. உள்ளே நிமிர்ந்து நிற்க முடியாது. ஆனால் பாரமும் காற்றுப் பிடிப்பும் குறைவு. சிறிய வாகனத்துக்கு நல்ல துணை.

பாரத்தை ஏற்றும் முறையை நம்முடைய மாட்டுவண்டிக்காரர்கள் நன்றாக அறிவார்கள். பின்பாரம் கூடினால் நுகம் மேலே எழும்பி மாட்டின் கழுத்துக் கயிறு இறுகும். ட்ரெயிலரில் பின்பாரம் கூடினால், வேகம் ஏறும்போது பெட்டி வாலாட்டத் தொடங்கும். முன்னால் இழுக்கும் வாகனத்தையும் சேர்த்துச் சுழற்றிவிடும். மொத்த எடையில் 10 முதல் 15 வீதம் கொழுவியின் மேல் அழுத்த வேண்டும். ஸ்நோமொபைலின் எஞ்சின் முன்பக்கத்தில் இருப்பதால், மூக்கை முன்னால் வைத்து ஏற்றினால் பெரும்பாலும் சரியாக வரும். முன்பக்கமும் இறங்குகதவு உள்ள பெட்டி கிடைத்தால் காசைப் பார்க்காதீர்கள். பின்னால் ஏற்றி முன்னால் ஓட்டி இறக்கலாம். பின்னோக்கி ஓடாத பழைய வண்டியை ஈரக் கையுறையோடு இழுத்துப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

இரும்பா அலுமினியமா? அங்கே குளிர்காலம் முழுவதும் வீதியில் உப்புப் போடுகிறார்கள். காரைநகரில் கடற்காற்று படும் கேற் எப்படிக் கறள் பிடித்து உதிர்கிறதோ, அப்படித்தான் அந்த இரும்புச் சட்டமும் அடியிலிருந்து உதிரும். அலுமினியச் சட்டம் செந்நிறக் கறள் பிடிக்காது, பாரமும் குறைவு. ஆனாலும் இரும்பு ஆணியும் அலுமினியமும் தொடும் இடத்தில் உப்புநீர் நின்றால் அலுமினியம்தான் அரிபடும். மயிலிட்டியில் படகு எஞ்சின் பூட்டும் அலுமினியத் தாங்கியில் இரும்பு போல்ட்டைச் சுற்றி வெள்ளை மா போல உதிர்வதைப் பார்த்திருப்பீர்கள். அதே மாதான். பெட்டிக்கு அடியில் குனிந்து, ஒவ்வொரு மூட்டிலும் அந்த வெள்ளை மாவைத் தேடச் சொல்லுங்கள்.

தரையைப் பற்றி எனக்கு ஒரு வலி உண்டு. நான் முதன்முதலாக எனக்கென்று வாங்கிய பழைய பெட்டியில், தரையெங்கும் புது இறப்பர் விரிப்பு ஒட்டியிருந்தது. விற்றவர் பெட்டியைப் புதுசு போல வைத்திருக்கிறார் என்று மகிழ்ந்துவிட்டேன். இரண்டாம் பயணத்தில் வண்டியை ஏற்றும்போது ஒரு சறுக்குக் கட்டை தரைக்குள் இறங்கி நின்றது. விரிப்பை உரித்துப் பார்த்தால், அதன் கீழே பிளைவுட் ஊறிய பாண் போல இருந்தது. விரலால் கிள்ள வந்தது. பனி உருகி நீராகி, விரிப்புக்குக் கீழே போய், வெளியேற வழியில்லாமல் மாதக்கணக்கில் நின்றிருக்கிறது. அன்றிலிருந்து திருப்புளி இல்லாமல் பழைய பெட்டி பார்க்கப் போனதில்லை. நான்கு மூலையிலும் கதவோரத்திலும் திருப்புளி முனையால் அழுத்திப் பார்க்க வேண்டும். விற்பவர் தடுத்தால் வீட்டுக்கு வந்துவிடலாம். சறுக்குக் கட்டையின் அடியில் இருக்கும் கடின உலோகப் பல் வெறும் பலகையைச் சீவிவிடும் என்பதால், அது ஓடும் தடத்தில் பிளாஸ்டிக் பட்டை பதித்திருக்க வேண்டும். எதிரெதிர்ச் சுவரில் காற்றுத் துவாரம் இல்லாத பெட்டியை வாங்கவே வேண்டாம். ஈரமும் பெற்றோல் ஆவியும் அதற்குள் அடைந்து நிற்கும்.

ரயரின் பக்கத்தில் தேதிக் குறியீட்டின் கடைசி 4 இலக்கங்களையும் பார்க்கட்டும். 3519 என்றால் 2019ஆம் ஆண்டின் 35ஆம் வாரம் செய்தது. பூ தேயாமலிருந்தாலும் வயதான ரயர் வெடிக்கும்.

கேள்வி: லாண்ட்மாஸ்டர் (இருசக்கர உழவு இயந்திரம்) இழுக்கும் பெட்டியில் வலையும் படகு எஞ்சினும் ஏற்றுகிறேன். மழைக்குத் தகரத்தால் மூடிக் கட்டலாமா?
– ஒரு கடற்றொழிலாளி, காரைநகர்

பதில்: தகரம் வேண்டாம், தம்பி. பாரம் மேலே ஏறும், சோளகத்தில் காற்றுப் பிடிக்கும், ஈர வலை உள்ளே அவிந்து நாறும். குழாய் வளைத்து, கழற்றக்கூடிய படங்கு போடுங்கள். பக்கங்களைச் சுருட்டிக் கட்ட வழி வையுங்கள். எஞ்சினை அச்சுக்குச் சற்று முன்னால் நிமிர்த்திக் கட்ட வேண்டும், பின்னால் அல்ல. படங்கு போட்ட பிறகு பழைய சிவப்புத் தெறிப்பான்கள் மறைந்துவிடும். விடியப்புறம் கடலுக்குப் போகிற ஆள் நீங்கள். படங்கின் பின் மூலை இரண்டிலும் புதிதாகத் தைத்துவிட்டு வீதியில் இறக்குங்கள்.