பழைய பத்திரத்தில் பூச்சியம் எங்கே?

கேள்வி: திருநெல்வேலியில் எங்கள் வீட்டிலிருக்கும் பழைய கிரயப் பத்திரத்தில் ஆண்டு 'கொல்லம் ௲௮௰, தை மாதம்' என்றும், தொகை 'ரூபாய் ௩௱௫' என்றும் எழுதப்பட்டுள்ளது. அந்தத் தொகை 35 ரூபாயா, 305 ரூபாயா, 350 ரூபாயா என்று வீட்டில் ஒரே விவாதம். எங்குமே பூச்சியம் காணப்படவில்லையே, இதை எப்படி வாசிப்பது?

பதில்: தொகை 305 ரூபாய்தான். பழந்தமிழ் எண்முறையில் பூச்சியத்துக்குத் தனிக் குறி கிடையாது. அதற்குப் பதிலாகப் பத்துக்கு ௰, நூற்றுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்னும் குறிகள் இருந்தன. குறிக்கு முன்னால் நிற்கும் இலக்கத்தால் அதைப் பெருக்கி, கிடைத்தவற்றையெல்லாம் கூட்டிக்கொள்ள வேண்டும். ௩௱ என்பது முந்நூறு, பின்னால் நிற்பது ஐந்து. முந்நூற்று ஐம்பதாக இருந்திருந்தால் கணக்கர் கடைசியில் ஒரு ௰ சேர்த்து ௩௱௫௰ என்று எழுதியிருப்பார். 'ய' எழுத்தைப் போலத் தோன்றும் அந்தக் குறி மங்கியிருக்கிறதா என்று உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்து ஒருமுறை பாருங்கள், ஏனெனில் உங்கள் வீட்டு விவாதம் முழுவதும் அந்த ஒரு குறியில்தான் இருக்கிறது.

'முந்நூற்று ஐந்து' என்று சொல்லும்போது பத்துகள் இல்லை என்பதை நாம் வாயால் சொல்வதில்லை. பழைய கணக்கர்களும் சொன்னபடியே எழுதினார்கள். ௱, ௰ ஆகிய குறிகளை விட்டுவிட்டு, இலக்கம் நிற்கும் இடமே அதன் மதிப்பைச் சொல்லட்டும் என்று முடிவு செய்யும்போதுதான், வெறுமையாக இருக்கும் இடத்தைக் காட்ட ஒரு குறி இன்றியமையாததாகிறது. குவாலியரில் கி.பி. 876ஆம் ஆண்டுக் கோயில் கல்வெட்டொன்றில், பூந்தோட்டத்தின் நீளமான 270 முழத்திலும், நாள்தோறும் சாத்தவேண்டிய 50 மாலைகளிலும், சிறு வட்டமாகவே அந்தப் பூச்சியம் செதுக்கப்பட்டிருக்கிறது. அதற்கும் முன்பே, 628இல், கணித அறிஞர் பிரம்மகுப்தர் பூச்சியத்தை வெற்றிடத்தின் அடையாளமாக மட்டும் கொள்ளாமல், ஓர் எண்ணிலிருந்து அதே எண்ணைக் கழித்தால் எஞ்சும் எண்ணாகவே கொண்டு, அதைக் கூட்டவும் கழிக்கவும் பெருக்கவும் விதிகள் வகுத்தார். இந்திய அறிவு வரலாற்றில் இதைவிடப் பெரிய பாய்ச்சல் வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. இதன் பயனை உணர, 305உடன் 47ஐக் கூட்டிப் பாருங்கள்: நம் முறையில் 5க்கு நேர் கீழே 7 வந்து நிற்கும்; ௩௱௫, ௪௰௭ என்று எழுதினாலோ நிரல் ஒன்றுக்கொன்று பொருந்தாது.

இனி ஆண்டு. ௲ என்பது ஆயிரம், ௮௰ என்பது எண்பது. ஆக, கொல்லம் என்னும் ஆண்டுக் கணக்கில் 1080. அதைக் கி.பி. ஆண்டாக மாற்ற, ஆவணி முதல் மார்கழிப் பாதி வரையிலான தேதியானால் 824ஐயும், அதற்குப் பிறகு ஆடி வரையிலான தேதியானால் 825ஐயும் கூட்ட வேண்டும். உங்களுடையது தை மாதமாதலால் 1905. தொகை பத்திரத்தில் எழுத்தாலும் எழுதப்பட்டிருக்கிறதா என்று தேடுங்கள். 'முந்நூற்று ஐந்து' என்னும் சொற்கள் அகப்பட்டால் ஐயத்துக்கே இடமில்லை.